லாரியில் பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச் மக்கர் செய்தால்: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது எப்படி?

டெல்டாவில் லாரிக்கு ஓட்டம் சீராக இருப்பதில்லை. குறுவை, சம்பா அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்துக்கும் குடோனுக்கும் ரயில் ஏற்றும் இடத்துக்கும் இடையே இரவு பகலாக ஓடும். வரிசையில் மாட்டிக்கொண்டால் இரண்டு மூன்று நாள் நகராமல் நிற்கும். சம்பா நெல் போய்ச் சேர்ந்த பிறகு, மேட்டூர் திறந்து அடுத்த குறுவை அறுவடைக்கு வரும்வரை லோடு குறைந்து, ஷெட்டிலேயே கிடக்கும் வண்டிகளும் உண்டு. இப்படி நின்று நின்று ஓடும் வண்டிக்குத்தான், பேட்டரியை வண்டியின் வயரிங்கிலிருந்து மொத்தமாகத் துண்டித்து வைக்கும் கட்-ஆஃப் சுவிட்ச் அதிகம் பயன்படும். அது சீக்கிரம் கெடுவதும் இங்கேதான். பேட்டரிப் பெட்டிக்குள் பதர்த் தூசி போய்ப் படிகிறது, ஐப்பசி கார்த்திகை மழை அதை ஊற வைக்கிறது. வேதாரண்யம் பக்கம் உப்பு ஏற்றும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

சுவிட்ச் கெட்டால் பழி பேட்டரி மேல்தான் விழும். புது பேட்டரி வாங்கிப் போட்டு, அதே கோளாறு மறுபடி வந்த பிறகுதான் பலருக்குச் சுவிட்ச் பக்கம் பார்வை போகிறது. சுவிட்ச் செய்ய வேண்டிய வேலை இரண்டுதான். ஆன் செய்தால் கரண்டு தடையில்லாமல் போக வேண்டும். ஆஃப் செய்தால் வேறு எந்த வழியாகவும் போகக் கூடாது. இந்த இரண்டில் எது தவறியது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

கீழே சொல்வதெல்லாம் 24 வோல்ட் வண்டிக்கு, அதாவது இரண்டு 12 வோல்ட் பேட்டரியை வரிசையாக இணைத்த வண்டிக்கு. சுவிட்ச் பெரும்பாலும் எர்த் பக்கம், பேட்டரி நெகட்டிவுக்கும் சேசிஸுக்கும் நடுவே இருக்கும். உங்கள் வண்டியில் எந்தப் பக்கம் என்று கேபிளைப் பிடித்துக்கொண்டே போய்ப் பார்த்துவிடுங்கள். பாசிட்டிவ் பக்கம் இருந்தால் சோதனைகள் அதேதான், எர்த் என்று சொல்லும் இடங்களில் பாசிட்டிவ் லைன் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

தேவையான சாமான் அதிகமில்லை: ஒரு மல்டிமீட்டர், ஒரு ஜம்பர் கேபிள், ஸ்பேனர், உப்புத்தாள். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். கையில் மோதிரம், காப்பு இருந்தால் கழற்றி வைத்துவிடுங்கள். ஸ்பேனர் ஒரு முனையில் பாசிட்டிவையும் மறு முனையில் சேசிஸையும் தொட்டால் என்ன ஆகும் என்பதைப் பட்டறையில் இருக்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பேட்டரியைக் கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

சுவிட்ச் ஆனில் இருக்கிறது, வண்டியில் உயிரே இல்லை

முதலில் பேட்டரியை அளந்துவிடுங்கள். மீட்டர் முனையை கிளாம்ப் மேல் வைக்காதீர்கள், நடுவில் தெரியும் ஈயத் தூண் மேலேயே வையுங்கள். ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியாகப் பாருங்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் காலி.

பேட்டரி சரியாக இருந்தால், ஹெட்லைட் சுவிட்ச்சைப் போட்டு வைத்துக்கொண்டு, கட்-ஆஃப் சுவிட்ச்சின் இரண்டு போல்ட்டுக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். சுவிட்ச் ஒழுங்காகச் சேர்ந்திருந்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்ஜியம் காட்டும். 24, 25 வோல்ட் என்று முழுசாகக் காட்டினால் உள்ளே காண்டாக்ட் சேரவில்லை, சுவிட்ச் போய்விட்டது. ஜம்பர் கேபிளால் இரண்டு போல்ட்டையும் சேர்த்துப் பிடித்தால் வண்டிக்கு உயிர் வரும். வழியில் நின்றுவிட்டால், இரண்டு கேபிள் முனையிலும் இருக்கும் வளையத்தை, அதாவது லக்கை, கழற்றி ஒரே போல்ட்டில் சேர்த்து இறுக்கிவிட்டு ஊர் வந்து சேரலாம். அதற்குப் பிறகு கட்-ஆஃப் இல்லாத வண்டி அது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

இரண்டு போல்ட்டுக்கும் நடுவே பூஜ்ஜியம், ஆனாலும் வண்டியில் கரண்டு இல்லை என்றால் தடை வேறு இடத்தில். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ் தூணிலேயே வைத்துக்கொண்டு, இன்னொன்றை நெகட்டிவ் தூண், கிளாம்ப், சுவிட்ச்சின் முதல் போல்ட், இரண்டாவது போல்ட், சேசிஸ் என்று ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எந்த இடத்தில் வோல்ட் காணாமல் போகிறதோ, அதற்கும் அதற்கு முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. கடைசிவரை 25 வோல்ட் வந்தால் எர்த் பக்கம் சுத்தம், பாசிட்டிவ் பக்கம் பெரிய ஃபியூஸைப் பார்க்க வேண்டியதுதான்.

சில புது வண்டிகளில் கேபினுக்குள் ஒரு சின்ன பொத்தான், பேட்டரி அருகே காந்தத்தில் இயங்கும் கட்-ஆஃப் என்று இருக்கும். பொத்தானை அழுத்தினால் பேட்டரிப் பக்கம் ‘டக்’ சத்தம் வருகிறதா என்று ஒருவரை நிற்க வைத்துக் கேளுங்கள். சத்தம் வந்தும் கரண்டு இல்லை என்றால் காண்டாக்ட் கருகியிருக்கிறது. சத்தமே இல்லை என்றால் பொத்தான், அதன் ஃபியூஸ், சின்ன வயர் ஆகியவற்றைப் பாருங்கள். பேட்டரி ரொம்ப இறங்கியிருந்தாலும் காந்தம் இழுக்காது.

லைட் பளிச்சென்று எரிகிறது, செல்ஃப் அடித்தால் ‘டக்’ என்று நின்றுவிடுகிறது

கட்-ஆஃப் சுவிட்ச் கோளாறுகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். ஹார்ன் அடிக்கிறது, லைட் எரிகிறது, மீட்டரில் 25 வோல்ட். ‘எல்லாம் சரியா இருக்கு அண்ணே, செல்ஃப் மோட்டார் போச்சு’ என்று மோட்டாரைக் கழற்றி விடுவார்கள். லைட்டுக்குச் சில ஆம்பியர் போதும், நூல் அளவு காண்டாக்ட் இருந்தாலே எரியும். செல்ஃப் மோட்டார் இழுப்பது பல நூறு ஆம்பியர். லோடு இல்லாமல் மீட்டர் காட்டும் வோல்ட்டை இங்கே நம்பவே கூடாது.

அதனால் செல்ஃப் அடிக்கும் அந்த நேரத்திலேயே அளக்க வேண்டும். ஒருவர் கேபினில் சாவியைத் திருகட்டும், இன்னொருவர் மீட்டரைப் பிடிக்கட்டும். பழைய வண்டி என்றால் ஸ்டாப் கேபிளை இழுத்து வைத்துக்கொண்டால் இன்ஜின் பிடிக்காது, நிதானமாகப் பார்க்கலாம். ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்க வேண்டாம்.

கட்-ஆஃப் சுவிட்ச்சின் இரண்டு போல்ட்டுக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் சுவிட்ச் நல்லது. 0.5 வோல்ட்டைத் தாண்டினால் மாற்றிவிடுங்கள். அரை வோல்ட்தானே என்று தோன்றும். 400 ஆம்பியர் போகும்போது அரை வோல்ட் என்றால் அந்தச் சின்ன காண்டாக்டில் 200 வாட் சூடாக எரிகிறது என்று கணக்கு. பத்து தடவை செல்ஃப் அடித்துவிட்டு போல்ட்டைத் தொட்டால் கை தாங்காததன் காரணம் அதுதான்.

சுவிட்ச் தப்பித்துவிட்டால் அடுத்து பேட்டரி நெகட்டிவ் தூணுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே அதே மாதிரி அளங்கள். இங்கே அதிக வோல்ட் காட்டினால் சேசிஸில் முறுக்கியிருக்கும் எர்த் போல்ட்டோ, சேசிஸிலிருந்து இன்ஜினுக்குப் போகும் பட்டை வயரோ தடையாக இருக்கிறது. அப்புறம் இரண்டு பேட்டரிக்கும் சேர்த்து வோல்ட் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது 19 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சார்ஜ் குறைவு, இல்லையென்றால் பேட்டரியே பலவீனம். பேட்டரி 23-இல் நிற்கிறது, செல்ஃப் மோட்டாரிடம் 17தான் வருகிறது என்றால் நடுவில் உள்ள கேபிள்களைத் தேடுங்கள்.

சுவிட்ச்சைக் கழற்றினால் லக்கைக் கவனியுங்கள். சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கிய லக்குகள் நம் பக்கம் நிறைய உண்டு. வெளியே பார்த்தால் இறுக்கமாக இருக்கும். வயர் மேலிருக்கும் ரப்பரை ஒரு விரல் அளவு சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு நூல் பச்சைப் பொடியாக உதிரும். அந்தக் கேபிளைச் சுத்தம் செய்து பயனில்லை, நல்ல செம்பு வரும்வரை வெட்டிவிட்டு, பிரஸ் வைத்து அழுத்திய புது லக் போட வேண்டும். இன்னொன்று வாஷர். லக் நேராகச் சுவிட்ச்சின் செம்பு மேல் உட்கார வேண்டும், வாஷர் அதற்கு மேலே, அதற்கு மேல் நட்டு. பல வண்டிகளில் இரும்பு வாஷர் லக்குக்கு அடியில் இருக்கிறது. துரு ஏறிய அந்த வாஷர் வழியாகத்தான் மொத்தக் கரண்டும் போக வேண்டியிருக்கும். உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கி முடித்த பிறகு மேலே வாசலைன் பூசுங்கள்.

நடு ரோட்டில் மீட்டர் இல்லை, பக்கத்தில் இன்னொரு லாரி இருக்கிறது என்றால் ஒரு குறுக்கு வழி. ஜம்பர் கேபிளின் நெகட்டிவ் கிளிப்பை உங்கள் பேட்டரித் தூணில் மாட்டி செல்ஃப் அடியுங்கள். எடுக்கவில்லையா? அதே கிளிப்பை இன்ஜின் பிளாக்கில் மாட்டி அடியுங்கள். இப்போது எடுத்துவிட்டால் குற்றவாளி சுவிட்ச்சோ எர்த் கேபிளோதான். உதவி செய்யும் வண்டியும் 24 வோல்ட்டாக இருக்க வேண்டும். வயலில் டிராக்டர் நிற்கிறதே என்று அதிலிருந்து இழுக்காதீர்கள், அது 12 வோல்ட்.

ஆஃப் செய்துவிட்டுத்தான் போனேன், வந்து பார்த்தால் பேட்டரி இறங்கிவிட்டது

நெகட்டிவ் தூணைப் பாருங்கள். அதில் சுவிட்ச்சுக்குப் போகும் தடித்த கேபிள் ஒன்றுதான் இருக்க வேண்டும். கூடவே ஒல்லியான வயர் ஏதாவது மாட்டியிருந்தால் அது சுவிட்ச்சைச் சுற்றிக்கொண்டு போகிற வழி. ஜி.பி.எஸ். மாட்ட வந்தவரோ பாட்டுப்பெட்டி மாட்டியவரோ வசதிக்காக நேராகத் தூணில் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அந்த வயரைக் கழற்றி நடுவே மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்தால் எவ்வளவு குடிக்கிறது என்று தெரியும். 50 மில்லி ஆம்பியர் என்றால் நாளைக்கு 1.2 ஆம்பியர்-ஹவர், பெரிதாகப் பயமில்லை. 300 என்றால் நாளைக்கு 7.2. ஒரு வாரத்தில் 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரி பாதிக்கு வந்துவிடும்.

ஜி.பி.எஸ். விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. அதைச் சுவிட்ச்சுக்குப் பின்னால் கொடுத்தால், ஆஃப் செய்தவுடனே ஓனர் போனுக்கு ‘பவர் துண்டிக்கப்பட்டது’ என்று எச்சரிக்கை போகும், அவர் நடு ராத்திரியில் டிரைவரைக் கூப்பிட்டு எங்கே நிற்கிறாய் என்று கேட்பார். என் கருத்தில் ஜி.பி.எஸ். ஒன்றை மட்டும் தனி ஃபியூஸ் போட்டு நேராக விடலாம். வேறு எதையும் விடக் கூடாது.

வண்டி மொத்தமாக எவ்வளவு குடிக்கிறது என்று அறிய ஒரு முறை. சாவியை எடுத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சற்று நேரம் விடுங்கள். கட்-ஆஃப் ஆனில் இருக்கும்போதே, 10 ஆம்பியர் அளவில் வைத்த மீட்டரைச் சுவிட்ச்சின் இரண்டு போல்ட்டுக்கும் நடுவே கிளிப்பால் மாட்டுங்கள். அப்புறம் சுவிட்ச்சை ஆஃப் செய்தால் கரண்டு மீட்டர் வழியாகப் போகும். இந்த நிலையில் சாவியைத் தொடவே கூடாது, செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். ஃபியூஸ் பெட்டியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தால் எதில் எண் இறங்குகிறதோ அங்கே ஆள் இருக்கிறார்.

தூணில் வேறு வயரே இல்லை, இருந்தும் இறங்குகிறது என்றால் பேட்டரியின் மேல்பரப்பைப் பாருங்கள். மீட்டரின் நெகட்டிவ் முனையைத் தூணில் வைத்து, பாசிட்டிவ் முனையை மூடிகளுக்கு நடுவே உள்ள பிளாஸ்டிக் மேல் நகர்த்துங்கள். பிளாஸ்டிக் வோல்ட் காட்டக் கூடாது. காட்டினால், ஆசிட் ஈரமும் பதர்த் தூசியும் சேர்ந்த அந்தப் படலம் வழியாகவே கரண்டு கசிகிறது, சுவிட்ச் எந்த நிலையில் இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. உப்பு லாரிகளில் இது சாதாரணம். மூடிகளை இறுக்கிவிட்டு, சமையல் சோடா கலந்த தண்ணீரால் துடைத்து, நல்ல தண்ணீர் விட்டுக் காய வையுங்கள். சோடாத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது.

ஒரு பேட்டரி 12.7, இன்னொன்று 11.9 என்று மாறி நின்றால், 12 வோல்ட் பாட்டுப்பெட்டிக்கோ சார்ஜருக்கோ ஒரே பேட்டரியிலிருந்து வயர் எடுத்திருக்கிறார்களா என்று தேடுங்கள். ஒன்று காய்ந்துகொண்டே இருக்கும், மற்றொன்று அதிக சார்ஜில் வேகும். 24-லிருந்து 12-ஆக மாற்றும் கன்வெர்ட்டர் போடுவதுதான் வழி. இது எதுவுமே இல்லை என்றால் பேட்டரிக்கு வயதாகிவிட்டது. நல்ல பேட்டரியே கழற்றி வைத்தாலும் தானாகக் கொஞ்சம் இறங்கும், சித்திரை வெயிலில் இன்னும் வேகமாக. அதனால் மாதக்கணக்கில் நிற்கும் வண்டிக்குக் கட்-ஆஃப் செய்தாலும் மாதம் ஒரு தடவை சார்ஜ் ஏற்றுங்கள்.

ஆஃப் செய்தும் பார்க்கிங் லைட் மங்கலாக எரிகிறது

இதைப் பார்த்தால் அன்றைக்கே சரி செய்யுங்கள், ஆபத்தானது. பாட்டுப்பெட்டியின் நெகட்டிவ் வயர் நேராக பேட்டரித் தூணில் இருக்கிறது, அதன் உடம்போ கேபின் தகரத்தில் முறுக்கப்பட்டிருக்கிறது என்று வையுங்கள். கட்-ஆஃப் ஆஃப் ஆனதும் லைட்டின் கரண்டு சேசிஸ் வழியாகப் பெட்டிக்குள் நுழைந்து, அந்த ஒல்லி வயர் வழியாக பேட்டரிக்குத் திரும்புகிறது. இப்போது யாராவது தெரியாமல் செல்ஃப் அடித்தால் செல்ஃப் மோட்டாரின் கரண்டும் அதே வயரில்தான் திரும்பப் பார்க்கும். வயர் சிவந்து, டேஷ்போர்டுக்குள் தீப்பிடிக்கும். அந்த வயரைத் தூணிலிருந்து கழற்றிச் சேசிஸில், சுவிட்ச்சுக்குப் பின்னால் கொடுத்தால் முடிந்தது.

ஆஃப் செய்தால் இன்ஜின் நிற்கவில்லை, அதற்குப் பிறகு சார்ஜ் ஆகவில்லை

கம்ப்யூட்டர் இல்லாத பழைய பம்பு வண்டியில் இன்ஜின் நிற்காதது கோளாறே அல்ல. டீசல் இன்ஜினுக்கு ஸ்பார்க் தேவையில்லை, டீசலை நிறுத்தினால்தான் நிற்கும். ஓடும் இன்ஜினில் கட்-ஆஃபைத் திருகியதுதான் தவறு. இன்ஜின் ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் தந்துகொண்டிருந்த கரண்டைத் தாங்கிக்கொள்ளும் பேட்டரி திடீரென விலகினால் வோல்ட் ஒரு கணம் நூறைத் தாண்டிப் பாயும். பல்புகள் போகும், ஆல்டர்னேட்டரின் டயோடும் ரெகுலேட்டரும் போகும், கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் அதுவும் போகலாம். இன்ஜினைச் சற்று வேகமாக ஓட விட்டு பேட்டரியில் அளந்தால் 27.5 முதல் 28.5 வோல்ட் வரை வர வேண்டும். 25-லேயே நின்றால் ஆல்டர்னேட்டரைக் கழற்றி எலக்ட்ரீஷியனிடம் கொடுக்க வேண்டியதுதான். புகை, தீ என்றால் மட்டும் ஓடும் வண்டியிலும் கட்-ஆஃபைத் திருகலாம், அப்போது டயோடைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பி.எஸ்.6 வண்டி: மறுநாள் காலையில் எச்சரிக்கை விளக்கு

பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் சாவியை எடுத்ததும் எல்லாம் தூங்கிவிடுவதில்லை. டெஃப் என்று ஊற்றுகிறோமே, அந்த யூரியா கரைசலைக் குழாயிலிருந்து டாங்குக்கே திருப்பி இழுக்கும் பம்பு கொஞ்ச நேரம் ஓடும். சைலன்சர் பக்கம் காது கொடுத்தால் மெல்லிய சத்தம் கேட்கும். அது முடியும் முன் கட்-ஆஃப் செய்தால் கரைசல் குழாயிலேயே நின்று காய்ந்து, வெள்ளைக் கல்லாகப் படிந்து நாசிலை அடைக்கும். கம்ப்யூட்டரும் அன்றைய கணக்கை எழுதி முடிக்காது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டில் இருக்கும். கையேடு கையில் இல்லையென்றால் சத்தம் நின்ற பிறகும் சில நிமிடம் விட்டுத் திருகுங்கள். டீ குடிக்க இறங்கும்போதெல்லாம் திருகுவது இந்த வண்டிகளுக்கு ஆகாது, ராத்திரி நிறுத்தத்துக்கும் நாள்கணக்கில் நிற்கும்போதும் போதும்.

பாடி பட்டறையில் வெல்டிங் அடிக்கும்போது கட்-ஆஃப் மட்டும் போதாது. பேட்டரியின் இரண்டு கேபிளையும் கழற்றி, கம்ப்யூட்டரின் கனெக்டரையும் கழற்றச் சொல்லுங்கள். வெல்டிங் எர்த்தை வெல்டிங் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டும்.

கட்-ஆஃப் சுவிட்ச் சுடுகிறது, அதன் சாவி ஆடுகிறது

மாற்றுங்கள். பிரித்து ரிப்பேர் செய்து பயனில்லை, உள்ளே ஸ்பிரிங் சூட்டில் தளர்ந்துவிட்டால் திரும்ப வராது.

வாங்கும்போது சிவப்புச் சாவி வைத்த மலிவான சுவிட்ச்சைத் தவிர்ப்பது நல்லது, கார், ஜீப்புக்கு அது போதும். லாரிக்குத் தொடர்ச்சியாக எவ்வளவு ஆம்பியர், செல்ஃப் அடிக்கும் சில விநாடிக்கு எவ்வளவு ஆம்பியர் என்று இரண்டு எண்ணும் அச்சிட்டிருக்கும் சுவிட்ச்சாகப் பாருங்கள். போல்ட்டில் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. பேட்டரித் தூண் மேலேயே மாட்டும் கத்தி மாதிரி சுவிட்ச் குண்டும் குழியுமான ரோட்டில் ஆடி ஆடித் தளரும், அதையும் நான் லாரிக்குச் சொல்ல மாட்டேன்.

பின் சக்கரம் சேற்றை வாரி அடிக்கும் இடத்தில் மாட்டாமல், பேட்டரிப் பெட்டியின் உள்பக்கமாக, கை எட்டும் உயரத்தில் மாட்டுங்கள். கேபிள் கீழிருந்து மேலே ஏறி வந்தால் மழைத் தண்ணீர் வயர் வழியாகச் சுவிட்ச்சுக்குள் இறங்காது. ஆன், ஆஃப் எந்தப் பக்கம் என்று பெயிண்டில் பெரிதாக எழுதுங்கள், மாற்று டிரைவர் இருட்டில் தடவிப் பார்த்துத் திருகும் நிலை வரக் கூடாது. புது லக் உட்கார்ந்ததும் நட்டு கொஞ்சம் இளகும். முதல் லோடு இறக்கி வந்ததும் ஸ்பேனரை எடுத்து இன்னொரு தடவை இறுக்கிவிடுங்கள்.